பாட்டுப் பலகையில் ஒரு முக்கோணம்

சங்கரன்கோவிலில் நான் கணக்கு டீச்சராக இருந்த வருடங்களில் எனக்கு இரண்டு அதிகாரங்கள் இருந்தன. வீட்டுக்கணக்குப் போடாமல் வந்த பிள்ளைகளைச் சாயங்கால மணி அடித்த பிறகும் உட்கார வைப்பது ஒன்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வேதக்கோயிலில் சபையார் என்ன பாட்டுப் பாட வேண்டும் என்று முடிவு செய்வது இன்னொன்று. முதலாவதைப் பள்ளிக்கூடம் கொடுத்தது. இரண்டாவது தானாக வந்து மடியில் விழுந்தது.

எழுபதுகளின் பின்பாதி. கோயிலில் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்த தபால் ஆபீஸ்காரர் மாற்றலாகிப் போய்விட்டார். பாளையங்கோட்டை விடுதியில் படித்தபோது நான் கொஞ்சம் கற்றிருந்தேன் என்று எப்படியோ தெரிந்து, என்னைப் பெட்டியின் முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். அப்போதிருந்த ஐயருக்கு, அதாவது எங்கள் சபைப் போதகருக்கு, சுற்றியிருந்த ஊர்களின் சின்னச் சபைகளும் பொறுப்பு. வாரம் முழுக்கப் பனவடலிசத்திரம், குருவிகுளம் என்று பஸ்ஸிலும் சைக்கிளிலும் அலைந்துவிட்டுச் சனிக்கிழமை சாயங்காலம் செம்மண் நிறத்தில் வந்து சேருவார். அதற்கு மேல் பாட்டுப் புத்தகத்தைப் புரட்ட அவருக்குத் தெம்பு இருக்காது.

"டீச்சர், இனிமே பாட்டை நீங்களே பாத்துப் போட்டிருங்க. ராகம் தெரிஞ்சவங்க நீங்கதான" என்றார் ஒருநாள்.

அவர் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. ஏனென்றால் என்னை அப்போது ஒரு முக்கோணம் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது.

பரீட்சை அறையில் மேற்பார்வைக்கு நிற்கும்போது கணக்கு டீச்சர்கள் செய்கிற வேலைதான். கேள்வித்தாளின் பின்பக்கம் எண்களை முக்கோணமாக அடுக்குவது. கணக்குப் படித்தவர்களுக்கெல்லாம் தெரிந்த முக்கோணத்தில் இரண்டு ஓரங்களிலும் ஒன்று, ஒன்று, ஒன்று என்றே இறங்கும். உள்ளே வருகிற ஒவ்வொரு எண்ணும், தலைக்கு மேலே பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு எண்களின் கூட்டல். எனக்கு அந்த ஓரத்து ஒன்றுகளைக் கண்டால் சலிப்பு. காவலுக்கு நிற்கிற போலீஸ்காரர்களைப் போல எத்தனை வரிசை போனாலும் அசையாமல் நிற்கும். அதனால் ஓரத்தை மாற்றினேன். ஓரத்து எண் ஒவ்வொன்றும் அந்த ஓரத்தில் அதற்கு முந்தைய இரண்டின் கூட்டலாக இருக்கட்டும் என்று வைத்தேன். ஒன்று, ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு என்று அது வளரும். உள்ளே பழைய விதியேதான்.

1
1 1
2 2 2
3 4 4 3
5 7 8 7 5

இப்போது பாருங்கள், எங்கள் கோயில் சுவரில் ஒரு பாட்டுப் பலகை உண்டு. மேலிருந்து கீழாகக் காடிகள் வெட்டியிருக்கும். அதில் எண் எழுதிய தகடுகளைச் செருகினால் அன்றைக்குப் பாட வேண்டிய பாட்டுகள் வரிசையாகத் தெரியும். எங்களிடம் இரண்டு பாட்டுப் புத்தகங்கள். வெள்ளைக்கார ராகத்தில் பாடுகிற ஞானப்பாட்டுகள் ஒன்றில். நம் ராகத்தில் பாடுகிற கீர்த்தனைகள் இன்னொன்றில். எண்ணுக்குப் பக்கத்தில் 'ஞா' அல்லது 'கீ' என்று ஒரு சின்னத் தகடு. ஆக, ஞா மூன்று வேறு பாட்டு, கீ மூன்று வேறு பாட்டு. என் முக்கோணத்தின் வரிசைகளோ முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றுபோல இருப்பவை. முதல் பாதியை ஞாவிலும் மறு பாதியைக் கீயிலும் போட்டால் அன்றைக்கு ஒரு பாட்டுக்கூட இரண்டாவது தடவை வராது.

இப்படி ஒரு வசதியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு அப்போது வயது போதவில்லை.

முதல் மூன்று வரிசைகளை விட்டுவிட்டேன். ஒரே பாட்டோடு ஆராதனையை முடித்தால் என்னை ஊரைவிட்டே அனுப்பிவிடுவார்கள். நான்காவது வரிசையில் தொடங்கினேன். 3, 4, 4, 3. எப்போதும் பாடுகிற அளவுதான். ஒருவரும் எதையும் கவனிக்கவில்லை. ஆர்மோனியத்தின் பின்னால் உட்கார்ந்துகொண்டு, சபை முழுவதும் என் முக்கோணத்தின் ஒரு வரிசையை வாய்விட்டுப் பாடுவதைக் கேட்டேன். அந்தச் சந்தோஷத்தை யாரிடமும் சொல்லவும் முடியாது.

அடுத்த ஞாயிறு 5, 7, 8, 7, 5. அதில் ஒரு சிக்கல் வந்தது. ஞா ஏழு சாயங்கால ஆராதனைக்கான பாட்டு. ஐயர் எண்ணைச் சொல்லி முதல் அடியை வாசிப்பது வழக்கம். பொழுது சாய்ந்தது, இருள் வந்தது என்கிற அர்த்தத்தில் தொடங்கும் அந்த அடியை, ஜன்னல் வழியாக வந்த காலை வெயில் தன் கண்ணாடியில் அடிக்க அடிக்க அவர் வாசித்தார். பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தார். நான் பெட்டியின் துருத்தியைப் பார்த்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு மீதியையும் வாசித்துவிட்டார். சபையார் பகல் வெளிச்சத்தில் ராத்திரியைப் பாடினார்கள்.

வெளியே வரும்போது சபைச் செயலாளர் என்னை மறித்தார். அவர் பள்ளிக்கூடம் ஒன்றில் எழுத்தராக இருந்தவர். எல்லாவற்றுக்கும் நேரம் பார்ப்பவர். கையில் கடிகாரம் கட்டியிருந்தும் கோயில் கடிகாரத்தையும் ஒருதரம் பார்த்துக்கொள்வார்.

"டீச்சரம்மா, என்ன காலங்காத்தால பொழுதடைய வச்சிட்டீய?"

"அர்த்தத்தைப் பாருங்க அண்ணாச்சி. மனுஷ வாழ்க்கையே அப்படித்தான" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார். அது அவருக்குப் பிடித்துப்போனது என்று அப்புறம் தெரிந்தது. வீட்டில் சாப்பிடும்போது அதையே எடுத்துச் சொன்னாராம்.

மூன்றாவது ஞாயிறு ஆறு பாட்டு. 8, 12, 15, 15, 12, 8. காலையிலேயே போய்த் தகடுகளைச் செருகிவிட்டு வெளியே வந்து, உறவுக்காரப் பெண்கள் இரண்டு பேரோடு பேசிக்கொண்டிருந்தேன். மணி அடித்ததும் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பெட்டியின் முன்னால் போய் உட்கார்ந்தேன். பலகை எனக்கு முதுகுப் பக்கம். அதைத் திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியம் எனக்கு என்ன? போட்டவளே நான்தானே.

முதல் பாட்டு எட்டு, ஒழுங்காக முடிந்தது. இரண்டாவதை ஐயர் அறிவித்தபோது நான் புத்தகத்தில் பன்னிரண்டை விரித்துவைத்துவிட்டு எதையோ நினைத்துக்கொண்டிருந்தேன். வாசிக்கத் தொடங்கினேன். பின்னால் பாட்டு எழும்பியது. ஆனால் ராகத்தில் ஏறவில்லை. ஆண்கள் பக்கம் ஒரு அடியை முடித்துவிட்டு நின்றது. பெண்கள் பக்கம் வார்த்தை தீர்ந்துபோய் 'ஆ' என்று இழுத்துக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் கனத்த குரலில் தன் இஷ்டத்துக்குத் தனியாகப் போய்க்கொண்டிருந்தார். தெருவில் ஓடுகிற தறிச் சத்தம்தான் தாளம் தப்பாமல் கேட்டது. நான் திரும்பிப் பலகையைப் பார்த்தேன்.

8, 5, 6, 6, 5, 8.

ஐயர் ஐந்தாம் பாட்டை அறிவித்திருக்கிறார். சபை ஐந்தைப் பாடிக்கொண்டிருந்தது. நான் பன்னிரண்டை வாசித்துக்கொண்டிருந்தேன்.

மீதி நேரம் எப்படிப் போனதென்று தெரியாது. ஒவ்வொரு பாட்டுக்கும் திரும்பித் திரும்பிப் பலகையைப் பார்த்து வாசித்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது. விளையாட்டுப் பிள்ளைகள் யாராவது தகடுகளை மாற்றியிருப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். கிடைத்தால் காதைத் திருகுவது என்று முடிவு செய்தேன்.

வீட்டுக்கு வந்து சோற்றில் கறிக்குழம்பை ஊற்றிய பிறகுதான் உறைத்தது. பிள்ளைகள் மாற்றினால் தாறுமாறாக இருக்கும். இது முன்னும் பின்னும் ஒன்றுபோல இருக்கிறது. அதோடு, ஓரத்து எட்டை இரண்டு பக்கமும் தொடவே இல்லை. உள்ளே மட்டும் கை வைத்திருக்கிறார்கள்.

ஓரம் தெரிந்த யாரோ!

எச்சில் கையோடு எழுந்து போய் சிலேட்டை எடுத்தேன். எட்டு, ஐந்து, ஆறு என்று வருகிற வரிசைக்கு மேலே என்ன இருந்திருக்கும் என்று கீழிருந்து மேலாக ஏறிப் பார்த்தேன். குழம்பு ஆறி, ஆடை கட்டிய பிறகு இது வந்தது:

1
1 1
2 1 2
3 2 2 3
5 3 4 3 5
8 5 6 6 5 8

ஓரம் என்னுடையதேதான். உள்ளே விதி வேறு. பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டைக் கூட்டாமல், ஒரே சாய்வில் மேலே அடுத்தடுத்து நிற்கும் இரண்டைக் கூட்டியிருக்கிறார்கள். ஓரம் எப்படி வளர்கிறதோ அப்படியே ஒவ்வொரு சாய்வும் வளர்கிறது. அதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்றும் கண்ணில் பட்டது. ஓரத்து எண்களை 1, 1, 2, 3, 5, 8 என்று எழுதி, அவற்றின் அடியில் அவற்றையே தலைகீழாக 8, 5, 3, 2, 1, 1 என்று எழுதி, மேலுள்ளதையும் கீழுள்ளதையும் பெருக்கினால் அதே கடைசி வரிசை வந்துவிடுகிறது. என் முக்கோணத்துக்கு அப்படி ஒரு அழகு கிடையாது. எனக்குப் பொறாமையாக இருந்தது. சபைக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு எவரோ எனக்குப் பதில் சொல்லியிருக்கிறார், அதுவும் என்னைவிட நன்றாக.

வாரம் முழுக்க யார் யாரென்று நினைத்துப் பார்த்தேன். செயலாளராக இருக்காது. அவர் ஆறு பாட்டா என்றே முகத்தைச் சுளித்தவர். ஐயருக்குக் காணிக்கைத் தட்டைப் பார்த்தாலே தலைவலி வரும். புதிதாக வந்திருந்த பேங்க் உத்தியோகஸ்தர் ஒருவர் உண்டு. சின்ன வயது, கல்யாணம் ஆகாதவர். அவராக இருக்குமோ என்று நினைத்து, வியாழக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு அந்தப் பேங்க் வழியாக ஒருதரம் நடந்துகூடப் போனேன். அவர் ஒரு தாளால் வாயைப் பொத்திக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். இவர் இல்லை என்று மனசுக்குப் பட்டுவிட்டது. கொஞ்சம் வருத்தம்தான்.

கண்ணி வைப்பது என்று தீர்மானித்தேன். நான்காவது ஞாயிற்றுக்கு வர வேண்டிய வரிசை 13, 20, 27, 30, 27, 20, 13. அதில் முதல் இருபத்தேழை வேண்டுமென்றே இருபத்தாறாகப் போட்டேன். கணக்குத் தெரிந்த கை எதுவானாலும் அந்த ஆறைப் பார்த்துச் சும்மா இருக்காது. போட்டுவிட்டுப் பிரசங்க பீடத்தின் பின்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கோயில் திறந்து கிடந்தது. குருவிகள் உத்தரத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

கொஞ்ச நேரத்தில் செருப்பைக் கழற்றிவிடும் சத்தம். பிச்சிப்பூ வாசம். எட்டிப் பார்த்தேன். பூக்கூடையோடு ஐயரம்மா வந்துகொண்டிருந்தார்கள்.

ஐயரின் மனைவியை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம். நாற்பது வயதுக்குப் பக்கம். எப்போதும் வெள்ளைச் சேலை. பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் மெதுவாக ஜெபம் செய்வார்கள். நோயாளிகளைப் பார்க்கப் போவார்கள். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. பூ வைக்க வந்திருக்கிறார்கள், வேலை முடிந்து போகட்டும் என்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

அவர்கள் பூவை வைத்தார்கள். தண்ணீர் ஊற்றினார்கள். அப்புறம் ஸ்டூலை இழுக்கும் சத்தம் கேட்டது. நான் மறுபடி எட்டிப் பார்த்தபோது ஐயரம்மா ஸ்டூல்மேல் ஏறி நின்று, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஆறு எழுதிய தகட்டை உருவிக்கொண்டிருந்தார்கள். வாய்க்குள் ஏதோ கீர்த்தனை.

நான் எழுந்து நின்றேன். "அம்மா, அதை மாத்துறது தப்பில்லியா?"

விழுந்துவிடுவார்களோ என்று பயந்தேன். விழவில்லை. திரும்பக்கூட இல்லை. ஏழு எழுதிய தகட்டைக் காடியில் நிதானமாகச் செருகினார்கள்.

"தப்பு நீங்க போட்டதுல்லா டீச்சர். ஏழும் பதிமூணும் கூட்டி வாரது தெரியாமலா பள்ளிக்கூடத்துல வச்சிருக்காவ?"

"ஏழும் பதிமூணும் இல்லம்மா. பன்னெண்டும் பதினஞ்சும்" என்றேன், வாய் சும்மா இருக்காமல்.

அப்போதுதான் திரும்பினார்கள். முகமெல்லாம் சிரிப்பு. என் வாயைக் கிளறத்தான் அந்தத் தப்புக் கூட்டல். "அப்போ தெரிஞ்சேதான் இருபத்தாறு போட்டிருக்கே. என்னைப் பிடிக்கதுக்குத்தான? ஏட்டி, நீ லேசுப்பட்டவ இல்ல!"

அந்த நிமிஷத்தில் 'டீச்சர்' போய் 'ஏட்டி' வந்தது. எனக்கு அது மெடல் குத்தியது போல இருந்தது.

"உங்க முக்கோணந்தான் வேற ஆச்சே அம்மா. என்னோடதை ஏன் திருத்துதீங்க?"

"என்னோடது வேறதான். ஆனா உன்னோட வரிசைக்குள்ள உன் கணக்கு சரியா இருக்கணும்லா. தப்பா நிக்கித எண்ணைப் பாத்துக்கிட்டு எப்படி ஜெபம் பண்ண முடியும்?"

எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டேன். முதல் வாரம் ஒன்றும் தோன்றவில்லையாம். 5, 7, 8, 7, 5 என்று வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த வாரப் பிரசங்கம் முழுக்க அதிலேயே போய்விட்டது.

"ஐயா பிரசங்கத்தைக் கேக்கலையா?"

"அதைச் சனிக்கிழமையே வீட்ல ஒருக்கக் கேட்டாச்சு ஏட்டி. நடந்து நடந்து சொல்லிப் பாப்பாவ. ரெண்டாம் தடவை எனக்கு என்ன வேலை?"

அவர்கள் கல்லூரியில் கணிதம் படித்தவர்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பட்டம் வாங்கிய வருஷமே கல்யாணம். அதற்குப் பிறகு ஊர் ஊராக மாற்றல். "எந்த ஊர்லயும் ஒருத்தரும் என்கிட்ட கணக்குக் கேக்கல. பலகாரம் எப்படிச் செய்யதுன்னுதான் கேட்டாவ" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். குறையாகச் சொல்லவில்லை. ஆனால் ஸ்டூலைவிட்டு இறங்க மனமில்லாமல், பலகையில் கை வைத்தபடியே நின்றுகொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு ஏழு பாட்டுகள் பாடினோம். அதோடு வம்பு தொடங்கியது.

ஆராதனை நீண்டுபோனதில் வெளியூர்க்காரர்கள் பஸ்ஸைத் தவறவிட்டார்கள். உள்ளூர்க்காரர்கள் வீட்டில் அடுப்பில் வைத்துவிட்டு வந்த கறி தீய்ந்தது. ஆசீர்வாதம் முடிந்ததும் செயலாளர் வாசலிலேயே கூட்டம் கூட்டிவிட்டார்.

"ஒவ்வொரு வாரமும் ஒண்ணு கூடிக்கிட்டே போகுதுவே. இப்படியே போனா கிறிஸ்துமஸுக்கு ராத்திரிச் சாப்பாடும் இங்கனதான். ஆவியானவர் இறங்கட்டும், நான் வேண்டாங்கல. பஸ்ஸு நிக்காதுல்லா!"

பெண்கள் பக்கமிருந்து வயதான ஒரு அம்மாள் விடவில்லை. "பாட்டுப் பெருகுதுன்னா சபையில எழுப்புதல் வருதுன்னு அர்த்தம். அதைத் தடுக்கப்படாது."

எழுப்புதல் என்றால் எங்கள் சபைகளில் பெரிய வார்த்தை. தூங்கிக்கிடக்கும் விசுவாசம் திடீரென்று விழித்துக்கொள்வது. அந்த வார்த்தையைக் கேட்டதும் கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஐயரின் முகம் மலர்ந்தது. அவர் கையை உயர்த்தி, எல்லோர் முன்னிலையிலும், இளவயதிலேயே பாட்டின்மேல் இவ்வளவு வாஞ்சை வைத்த டீச்சரம்மாவுக்காகக் கடவுளைத் துதிப்போம் என்றார். வரும் ஞாயிறு தன் பிரசங்கத்தையே விட்டுக்கொடுப்பதாகவும், முழுவதும் பாட்டு ஆராதனையாக வைப்போம் என்றும் அறிவித்தார். எனக்குக் காது மடல் சூடேறியது. ஐயரம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். பக்தியில் அழுகிறார்கள் என்று பக்கத்திலிருந்தவர் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

சனிக்கிழமை நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஐயர் வெளியூரிலிருந்து வரவில்லை. அடுக்களைக் கதவின் உட்பக்கம் ஐயரம்மா இரண்டு முக்கோணங்களையும் சாக்குக்கட்டியால் எழுதிவைத்திருந்தார்கள். குழம்பு கொதிக்கக் கொதிக்க அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்களாம்.

"உன்னோடதுல ஒரு வேடிக்கை இருக்கு, பாத்தியா? ஓரத்துக்கு அடுத்த சாய்வைப் பாரு. ஒண்ணு, ரெண்டு, நாலு, ஏழு, பன்னெண்டு, இருபது. எல்லாத்தோடயும் ஒண்ணைக் கூட்டு."

கூட்டினேன். இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு, பதிமூன்று, இருபத்தொன்று. ஓரத்து எண்களேதான்! ஆளுக்கு ஒன்று குறைத்துக்கொண்டு, அடுத்த சாய்வில் ஒளிந்து நின்றிருக்கின்றன. உருவாக்கியவள் நான், எனக்குத் தெரியவில்லை. அடுக்களையில் நின்று இரண்டு பேரும் கைதட்டிச் சிரித்தோம். குழம்பு பொங்கி அடுப்பு அணைந்தது.

மறுநாள் வரிசை 21, 33, 47, 57, 57, 47, 33, 21. புத்தகங்களை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். கீ நாற்பத்தேழில் நின்றுவிட்டோம். அது அடக்க ஆராதனையில் பாடுகிற பாட்டு. கல்லறைக்குப் பெட்டியைத் தூக்கிப் போகும்போது பாடுவது.

"இதை விட்டுட்டு வேற ஏதாவது போடுவோம்மா."

"எப்படி விட? வரிசை உடைஞ்சு போகும். கடைசிச் சரணத்துல உயிர்த்தெழுதல் வருதுல்லா. அதை மட்டும் பாடுவோம்" என்றார்கள் ஐயரம்மா. எண்கள் விஷயத்தில் அவர்களிடம் இரக்கமே கிடையாது.

ஞாயிறு காலை, பிரசங்கம் இல்லை என்று கேள்விப்பட்டுக் கோயில் நிறைந்துவிட்டது. கோயிலுக்கு வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். பாட்டு ஏறிக்கொண்டே போனது. ஐயரே தாளம் போட்டார். கீ நாற்பத்தேழு வந்தது. நான் கொஞ்சம் வேகமாக வாசித்துப் பார்த்தேன். ஆனால் அந்த ராகம் எல்லோருக்கும் மனப்பாடம். சபை தன் வழக்கம்போல இழுத்துத் துக்கமாகத்தான் பாடியது.

சரணம் முடியும்போது வாசலில் ஒரு நிழல் விழுந்தது. செயலாளரின் அப்பா.

அவர்கள் வீடு கோயிலுக்கு அடுத்த வளவு, பாட்டு அங்கே வரை கேட்கும். பெரியவருக்குக் காய்ச்சல் வந்து விட்டுப்போன பிறகும் அவர் கட்டிலைவிட்டு இறங்கவே இல்லை. கால் நிற்கவில்லை, தன் காலம் முடிந்தது என்று சொல்லிப் படுத்துவிட்டார். வாரா வாரம் அவருக்காகக் கோயிலில் ஜெபம் நடந்துகொண்டிருந்தது. அந்த மனுஷர் பனியனோடு, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார். மூச்சு வாங்கியது. கோபத்தில் உதடு துடித்தது.

"யாருவே செத்தது? எனக்கு ஒரு வார்த்தை சொல்லப்படாதா? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

ஆர்மோனியத்திலிருந்து என் கை தானாக எழும்பிவிட்டது. செயலாளர் பெஞ்சைத் தாண்டிக் குதித்து ஓடினார்.

"யப்பா! எப்படி வந்தீய?"

"நடந்துதான் வந்தேன். பின்ன பல்லக்குலயா வருவாவ? யாருன்னு சொல்லுல முதல்ல."

"யாரும் சாகல தாத்தா. சும்மா பாடுதோம்" என்றது பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல். பெரியவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஆண்கள் பக்கத்தை ஒருதரம் கண்ணால் எண்ணிப் பார்த்தார். தன் வயதுக்காரர்கள் எல்லோரும் உயிரோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் ஏமாற்றத்தோடு பெஞ்சில் இடம் கேட்டு உட்கார்ந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். மீதி இரண்டு பாட்டையும் எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடினார். திரும்பும்போது மகன் பிடிக்க வந்த கையைத் தட்டிவிட்டுத் தானே நடந்து போனார்.

அதற்குப் பிறகு செயலாளர் பாட்டைப் பற்றி ஒரு புகாரும் சொல்லவில்லை. மாறாக, என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்த நாப்பத்தேழை மாசத்துக்கு ஒருதரமாவது போடுங்க டீச்சரம்மா. திரும்பவும் கட்டில்ல போய்ப் படுத்திரப்படாது" என்றார்.

அன்றைக்கு மத்தியானம் ஐயர் வீட்டில் எனக்குச் சாப்பாடு. ஐயர் வெகு உற்சாகமாக இருந்தார். கை கழுவ அடுக்களைக்குள் வந்தவர் கதவின் பின்னால் பார்த்துவிட்டு நின்றார்.

"இது எந்த ஊர் பஸ் டைம்?"

ஐயரம்மா என்னைப் பார்த்தார்கள். நான் ரசச் சட்டியைப் பார்த்தேன். ஐயரம்மா ஒளிக்கவில்லை. கையிலிருந்த கரண்டியாலேயே ஒவ்வொரு வரிசையாகச் சுட்டிக்காட்டி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். காலைப் பொழுதில் சாயங்காலம் வந்தது எப்படி, ஆறு பாட்டு ஏழானது ஏன், ராகம் குளறியது யாரால் என்று எதையும் விடவில்லை. ஐயர் ஈரக் கையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வாடியது. பிரசங்கத்தையே விட்டுக்கொடுத்த மனுஷர்.

"அப்போ எழுப்புதல் இல்லையா?" என்றார் கடைசியில், சின்னக் குரலில்.

"ஏன் இல்ல? அந்தப் பெரியவர் கட்டில்லேர்ந்து எழும்பி வந்தாவல்லா? நாம ஜெபம் பண்ணிப் பண்ணிப் பாத்தும் வராத ஆளு" என்றார்கள் ஐயரம்மா.

ஐயர் சிரிக்கத் தொடங்கினார். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "நான் என்ன செத்தா போயிட்டேன்னு கேட்டாரே" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சாப்பிட உட்கார்ந்த பிறகும் ஒருதரம் புரையேறியது.

அடுத்த வரிசைக்கு ஒன்பது பாட்டு வேண்டும். அதை அவர் அனுமதிக்கவில்லை. பாட்டைத் தேர்ந்தெடுக்கும் வேலையை மறுபடி தானே எடுத்துக்கொண்டார். டீச்சருக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று சபைக்குக் காரணம் சொன்னார். எனக்கு வருத்தமில்லை. சனிக்கிழமைதோறும் அந்த அடுக்களைக் கதவு இருந்தது. இரண்டு முக்கோணங்களும் கதவில் இடம் போதாமல் சுவருக்கு வந்துவிட்டன.

அடுத்த பள்ளி ஆண்டில் எங்கள் பள்ளிக்கூடத்தின் இன்னொரு கணக்கு டீச்சர் பிரசவ விடுப்பில் போனார். தற்காலிகமாக ஆள் கிடைக்காமல் தலைமையாசிரியை தவித்துக்கொண்டிருந்தார். நான் ஐயரம்மாவின் பெயரைச் சொன்னேன். சர்டிபிகேட்டைத் தேடிப் பரணில் ஏறியவர் ஐயர்தான். தூசியோடு இறங்கி வந்து, "இவ்வளவு மார்க்கா வாங்கியிருந்தே?" என்று கேட்டாராம். "கல்யாணத்துக்கு முன்னாடியே எங்க வீட்ல உங்க அம்மாகிட்ட சொன்னாவளே" என்றார்களாம் இவர்கள்.

ஒன்பதாம் வகுப்பைக் கொடுத்தார்கள். முதல் நாள் காலையில் சேலைக் கொசுவம் நிற்கவில்லை. நான்தான் குத்திவிட்டேன். ஒரு வாரம் கழித்துத் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

"நீங்க சொல்லித்தான் எடுத்தேன் டீச்சர். பாடம் நல்லாத்தான் நடத்துதாவ. ஆனா அந்த வகுப்புல ஒரே சத்தம். கணக்கு நடக்கிற இடத்துல பிள்ளைகள் எதுக்குச் சிரிக்குதுவ? நீங்க கொஞ்சம் போய் என்னன்னு பாத்துட்டு வாங்க."

போனேன். வராந்தாவிலிருந்தே கேட்டது. கரும்பலகையின் முன்னால் இரண்டு பிள்ளைகள் சாக்குக்கட்டியோடு நின்று, ஆளுக்கொரு விடை எழுதிவைத்துக்கொண்டு, ஒருத்திமேல் ஒருத்தி பாய்ந்துகொண்டிருந்தார்கள். வகுப்பு இரண்டு கட்சியாகக் கத்திக்கொண்டிருந்தது. டீச்சரைக் காணவில்லை. தேடிப் பார்த்தேன். கடைசி பெஞ்சில், பிள்ளைகளுக்கு நடுவில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் ஐயரம்மா. ஜன்னலில் என்னைப் பார்த்ததும், போ போ என்று கையைக் காட்டினார்கள்.